கடைப்பந்தி உண்டா?

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்; சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் எங்கள் கதைதான் என்பார்கள். அந்த நாட்டை ஆண்டவர் செண்டலங்காரர் என்ற ராஜா. நல்லவர்தான். ஆனால் நல்ல ராஜாவுக்கும் பொழுது விடிந்தால் ஒரு யோசனை வந்து தொலைக்கும், இல்லையா? ஒரு நாள் காலையில் உலாவப் போனவர், களஞ்சியக் கதவின் இடுக்கிலிருந்து ஓர் அணில் வெளியே வருவதைப் பார்த்தார். அணில் மெலிந்திருந்தது.

"நெல்லுக்குள்ளேயே குடியிருக்கும் அணில் ஏன் மெலிய வேண்டும்?" என்று ராஜா அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அது சாதாரணக் களஞ்சியம் இல்லை. ராஜாவின் பாட்டனார் கட்டிய ஓய்வுக் களஞ்சியம். அரண்மனை ஊழியம் செய்கிற ஒவ்வொருவரும், யானைப்பாகனிலிருந்து ஏரி மதகைத் திறக்கிறவன் வரைக்கும், நாள்கூலி நெல்லில் ஒரு பிடியை அதில் போட வேண்டும். அறுபது நிறைந்ததும் வேலையை விட்டுவிட்டு, மூச்சு இருக்கிற மட்டும் மாதம் ஒரு கலம் நெல் வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு உழைக்கிறவன் போட்டதை நேற்று உழைத்தவன் சாப்பிடுவான்; இவனுக்கு நாளைக்கு இன்னொருவன் போடுவான். மூன்று தலைமுறையாக வண்டி இப்படித்தான் ஓடியது.

ராஜா சபையில் கேட்டார்: "என் பேரன் காலத்தில் ஓய்வு நெல் இருக்குமா, இருக்காதா?"

களஞ்சியத்தின் சாவி அமைச்சர் உலகளந்தாரின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் வெற்றிலை போடுகிற நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். திறந்தாரா? எப்படித் திறப்பார்? "மகாராஜா, இது ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம்" என்று ஒன்பது பேரைக் கொண்டு ஒரு சபை வைத்தார். சபை மூன்று மாதம் கூடியது, மூன்று வேளையும் சாப்பிட்டது, கடைசியில் முந்நூறு ஓலை எழுதிக் கொடுத்தது. சாரம் இதுதான்: 'இருக்கவும் கூடும்; இல்லாமற் போகவும் கூடும்.' இதைச் சொல்வதற்கு ஒன்பது பேர் எதற்கு? எங்கள் வீட்டுப் பூனை போதும்.

அதோடு விட்டார்களா? உலகளந்தார் ஒரு சட்டமும் எழுதி, ராஜாவின் முத்திரையையும் வாங்கிவிட்டார். ராஜாவின் மணிவிழா நாளுக்குள் அறுபது நிறைந்தவர்களுக்கு நெல் உண்டு. மற்றவர்கள் வழக்கம்போல் பிடி நெல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு நெல் உண்டா என்பது அவரவர் முறை வரும்போது சொல்லப்படும்.

இந்தச் சட்டம் யார் தலையில் முதலில் விழுந்தது தெரியுமா? அரண்மனை விகடர் குழைக்காதர் தலையில். அவர் ராஜா பிறந்து நாலு நாள் கழித்துப் பிறந்தவர்.

முப்பத்தைந்து வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைத்தவர் அவர். பல்வலியோடு சிரிக்க வைத்திருக்கிறார். தன் தகப்பனார் செத்த பதினாறாம் நாள் சிரிக்க வைத்திருக்கிறார். ஒரு நாள் தவறாமல் பிடி நெல்லும் போட்டிருக்கிறார். அறுபது முடிந்ததும் ஒரு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், ஒரு மனிதரையும் சிரிக்க வைக்கக் கூடாது என்பதுதான் பத்து வருஷமாக அவருடைய ஒரே ஆசை. இப்போது நாலு நாளில் அந்தச் சுவர் போயிற்று.

"நாலு நாள்! வடிவு, நாலே நாள்!" என்று வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி மூலையில் வீசினார்.

அவர் மனைவி வடிவுடையாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மா எல்லாத்துலயும் அவசரப்படுவா. பெக்கறதுல மட்டும் நிதானம்" என்றாள்.

"செத்துப்போனவளை ஏன் இழுக்கிறே? அந்த உலகளந்தான் வேணும்னே கோடு கிழிச்சிருக்கான். போன தீபாவளிக்கு அவன் மீசையைப் பத்தி நான் சொன்னதை இன்னும் மறக்கலை."

"மீசையைப் பத்திச் சொல்லுங்கன்னு நான் சொன்னேனா? சரி, இனிமே என்ன பண்றதா உத்தேசம்? இந்த முழங்காலோட இன்னும் எத்தனை வருஷம் குட்டிக்கரணம் போடுவீங்க?"

குழைக்காதருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. கரணம் போட்டால் எழுந்திருக்க இப்போதெல்லாம் ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ராஜா அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார். நெல் வராவிட்டால் சாகிற வரைக்கும் இதே பிழைப்பு. கரணம் போட முடியாத நாளில் அதுவும் இல்லை. அன்று ராத்திரி முழுக்க மனுஷன் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் சபையில் நேராகவே கேட்டுவிட்டார். "மகாராஜா, முப்பத்தைந்து வருஷம் போட்டேன். வாங்குகிற முறை வரும்போது 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் என்ன நியாயம்?"

ராஜாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதற்குள் உலகளந்தார் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "விகடருக்கு அறிவு அதிகம் மகாராஜா. முந்நூறு ஓலையில் நாங்கள் சொல்ல முடியாததை அவரே சொல்லட்டும். ஓய்வு நெல் அடுத்த தலைமுறைக்கு இருக்குமா, இருக்காதா?"

பொறி எங்கே இருக்கிறது என்று குழைக்காதருக்குத் தெரியாதா? இருக்கும் என்றால் 'நீரே பிணை நில்லும்' என்பார்கள். இருக்காது என்றால் 'நாட்டைக் கலக்குகிறான்' என்று ஊரைவிட்டுத் துரத்துவார்கள்.

ராஜா கையை உயர்த்தினார். "ஓலையைப் படித்துப் படித்து என் கண் பூத்துவிட்டது. கேட்டுக் கேட்டுக் காதும் புளித்துவிட்டது. குழைக்காதரே, நீர் எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். என் மணிவிழாவுக்குள் செய்து காட்டும். காட்டிவிட்டால் சட்டத்தை மாற்றுகிறேன். காட்டாவிட்டால் உமக்கு நெல்லும் இல்லை, வேலையும் இல்லை."

"அப்படியானால் மணிவிழா விருந்தில் பந்தி விசாரிக்கிற பொறுப்பை எனக்குத் தர வேண்டும் மகாராஜா. மகாராஜாவின் முத்திரை எதில் இருக்கிறதோ அதன்படியே நடத்துவேன். ஓர் எழுத்துப் பிசகாது."

சபையே சிரித்தது. உலகளந்தார் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். வேலை போகப்போகிறவன் கரண்டி பிடிக்கவாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

அந்த நாட்டுப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். பசியோடு நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் நெய்யும் பாயசமும் ஊற்றுவது லேசான காரியமா? அதனால் முதல் பந்திக்கு இலை போடுவதற்கு முன்னால் பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு, கடைப்பந்திக்கென்று ஒதுக்கிய அண்டாவின் மூடியைத் திறந்து காட்டுவார்கள். 'உங்கள் பங்கு இதோ இருக்கிறது, பாருங்கள்' என்று அர்த்தம். பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் வாளி கையில் ஏறும். விகடருக்கு என்றைக்கு முதல் பந்தி கிடைத்தது? முப்பத்தைந்து வருஷமும் கடைப்பந்தியில் சாப்பிட்டவர் குழைக்காதர். மூடி திறக்கும்போது வருகிற ஆவியின் வாசனை அவருக்கு மனப்பாடம்.

மணிவிழா வந்தது. முதல் பந்தியில் நூறு இலை. நடுநாயகமாக ராஜா, பக்கத்தில் உலகளந்தார், பிறகு ஆராய்ச்சி சபையின் ஒன்பது பேர், அப்புறம் பிரபுக்கள். பரிமாற நாற்பது பேர். அவர்களுக்குத் தலைவன் பூவராகன். வயது முப்பத்தைந்து, நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், பதினெட்டு வருஷமாகப் பிடி நெல் போடுகிறவன்.

"ஐயா, அண்டாவைக் காட்டுங்க. பசங்களுக்குப் பசிக்குது" என்று பூவராகன் வந்து நின்றான்.

குழைக்காதர் மடியிலிருந்து முத்திரை போட்ட ஓலையை எடுத்தார். நெல் என்று இருந்த இடத்தில் சோறு என்றும், அறுபது நிறைந்தவர் என்று இருந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் என்றும், பிடி நெல் போடுவது என்று இருந்த இடத்தில் பரிமாறுவது என்றும் வைத்துக்கொண்டு, மற்றதை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். "இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சோறு உண்டு. மற்றவர்கள் வழக்கம்போல் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்குச் சோறு உண்டா என்பது அவரவர் முறை வரும்போது சொல்லப்படும்."

பூவராகன் அவரையே பார்த்தான். "என்னங்கய்யா இது அநியாயம்? அண்டாவுல இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"இருக்கவும் கூடும். இல்லாமற் போகவும் கூடும். ஒன்பது பேர் மூன்று மாதம் யோசித்துச் சொன்னது."

"மூடியைத் தொறந்தா தெரிஞ்சுடுமே!"

"திறக்கிற வழக்கம் இப்போது இல்லையப்பா. போ, போ, இலையில் உப்பு வை."

பூவராகன் முணுமுணுத்துக்கொண்டே போனான். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, பொரியல் வந்தது, சோறும் வந்தது. ராஜா சோற்றைக் குவித்து நடுவில் அழகாக ஒரு குழி தோண்டிக்கொண்டு குழம்புக்குக் காத்திருந்தார். ராஜாவாக இருந்தாலும் குழம்புக்குக் குழி தோண்டித்தானே ஆக வேண்டும்!

குழம்பு வரவில்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். விஷயம் நாற்பது பேர் காதிலும் விழுந்துவிட்டது. ஒருவன் தனக்கு இருக்கட்டும் என்று ஒரு கரண்டிக் குழம்பைத் தொன்னையில் ஊற்றித் தூணுக்குப் பின்னால் வைத்தான். அதைப் பார்த்து அடுத்தவன் இரண்டு கரண்டி ஒதுக்கினான். ஒதுக்கினவனைப் பார்த்து மூன்றாவது ஆள் வாளியோடு கொல்லைப்புறம் போனான். பாயச வாளி சமையற்கட்டிலிருந்து புறப்பட்டதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். பந்திக்கு வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மிச்சம் இருந்தவர்கள் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். திருடுகிற பிள்ளைகளா அவர்கள்? இல்லவே இல்லை. நேற்றுவரை தன் வீட்டுக் கல்யாணம்போல் வளைந்து வளைந்து பரிமாறியவர்கள்தான்.

ராஜாவின் கை காய்ந்தது. பக்கத்தில் உலகளந்தார் வெறுஞ்சோற்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் வழியில்லை. பந்தியில் உட்கார்ந்தவர் பாதியில் எழக்கூடாது, யாரும் எழுப்பவும் கூடாது. அது அந்த நாட்டில் பெரிய பாவம். ராஜா எழுந்தால் நூறு பேரும் எழ வேண்டும்.

"குழைக்காதரே! குழம்பு எங்கே?" என்று ராஜா கத்தினார்.

"பரிமாறுகிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் மகாராஜா."

"பரிமாறுவதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

"கடைப்பந்தியில் தங்களுக்குச் சோறு இருக்குமா, இருக்காதா என்று யோசிக்கிறார்கள்."

"என்ன பைத்தியக்காரத்தனம்! அண்டாவின் மூடியைத் திறந்து காட்டித் தொலைக்க வேண்டியதுதானே! இதற்கு ஒரு யோசனையா?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று ராஜாவுக்கே கேட்டது. கையைக் குழியிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விடையைச் சொல்லக்கூடாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று உத்தரவு அல்லவா? குழைக்காதர் ஓலையை எடுத்து, முத்திரை தெரிகிற மாதிரி ராஜாவின் இலைக்கு முன்னால் வைத்தார்.

ராஜா படித்தார். மெதுவாக உலகளந்தார் பக்கம் திரும்பினார். பிறகு, "அண்டாவைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பந்தி நடுவில் இறக்கினார்கள். பூவராகன் மூடியைத் திறந்தான். பாதி அண்டாதான் இருந்தது.

"காலையில் முழுசாக இருந்ததே! மீதி எங்கே?" என்றார் ராஜா.

குழைக்காதர் சமையற்கட்டுக் கதவின் பின்னாலிருந்து தூக்குப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறு பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூடமுடியாத அளவுக்கு நிறைந்தவை. ஐந்தில் உலகளந்தார் வீட்டு அடையாளம் வெட்டியிருந்தது. விடிகாலையிலேயே அவர் வீட்டு ஆட்கள் வந்து நிரப்பியது; குழைக்காதர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வெளியே மட்டும் போகவிடவில்லை. ஆறாவதில் இருந்தது அரண்மனை முத்திரை.

"இது... பட்டத்து யானைக்கு" என்றார் ராஜா. "விருந்துச் சோறு என்றால் அதற்கு உயிர். நான்தான் அனுப்பச் சொன்னேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு அவராகவே, "என் மகள் கல்யாணத்துக்கும் ஓய்வுக் களஞ்சியத்திலிருந்துதான் நெல் எடுத்தோம். திருப்பிப் போட்டோமா, உலகளந்தாரே?" என்று கேட்டார்.

உலகளந்தாருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை.

"சாவியை எடும். விருந்து முடிந்ததும் இன்றைக்கே திறக்கிறோம்" என்றார் ராஜா.

அப்போது பூவராகன் அண்டாவுக்குள் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான். ஆறு பாத்திரத்தையும் அதில் கவிழ்த்தான். "முக்கால்தான் வருது. மீதி யார் வயித்துக்குள்ள போச்சோ! பரவாயில்லை, இருக்குன்னு கண்ணால பார்த்தாச்சு. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே? தூணுக்குப் பின்னால வெச்சதையெல்லாம் எடுங்கடா! தூக்குங்க வாளியை!" என்று கத்தினான். நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ஆனால் குழைக்காதரே," என்றார் ராஜா, "ஒன்று கேட்கிறேன், இப்போது வாயைத் திறந்தே சொல்லும். அந்த முந்நூறு ஓலையிலும் ஒரு உண்மை இருக்கிறது. என் பாட்டனார் காலத்தில் பத்துப் பேர் போட்டார்கள், ஒருவர் சாப்பிட்டார். இப்போது நாலு பேர் போடுகிறார்கள், ஒருவர் சாப்பிடுகிறார். கிழவர்களும் முன்னைப்போல் சீக்கிரம் சாவதில்லை. அதற்கு என்ன செய்வது?"

"மகாராஜா, பந்தியில் ஆள் கூடிப்போனால் சமையற்காரர் என்ன செய்வார்? குழம்பில் கொஞ்சம் தண்ணீர் விடுவார். விடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? எல்லார் இலைக்கும் சேர்த்து விடட்டும், தங்கள் இலைக்கும் சேர்த்து. முதல் பந்திக்குக் கெட்டிக் குழம்பு, கடைப்பந்திக்கு வெறுந்தண்ணீர் என்றால்தான் வாளி கீழே இறங்குகிறது."

கொஞ்சம் நீர்த்த குழம்பு ராஜாவின் குழிக்குள் விழுந்தது. ராஜா பிசைந்து ஒரு வாய் போட்டார். பசித்த வயிற்றுக்கு அது அமிர்தமாக இருந்தது. திடீரென்று தூணுக்குப் பின்னால் ஒளிந்த பாயசம் நினைவுக்கு வந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே களஞ்சியத்தைத் திறந்தார்கள். அதுவும் பாதிதான் இருந்தது. எடுத்தவர்கள் திருப்பிப் போட வேண்டும், முதலில் அரண்மனை போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒவ்வோர் அறுவடைக்கும் கதவைத் திறந்து ஊருக்கே காட்ட வேண்டும் என்பது புதுச் சட்டம். மாதக் கலத்தில் எல்லோருக்கும் ஒரு படி குறைந்தது. பழையவர்களுக்கும் குறைந்தது, வரப்போகிறவர்களுக்கும் குறைந்தது. மணிவிழா நாள் என்று உலகளந்தார் கிழித்த கோடும் அழிந்தது.

கடைப்பந்தி? அதற்குப் பரிமாறியது உலகளந்தார். ராஜ உத்தரவு. மீசையில் வியர்வை வழிய நாற்பது இலைக்கும் குனிந்து நிமிர்ந்துவிட்டு, குழைக்காதரிடம் வந்து மெல்ல, "எனக்குச் சோறு உண்டா?" என்று கேட்டார்.

"அது உம்முடைய முறை வரும்போது சொல்லப்படும்" என்றார் குழைக்காதர்.

நாலு நாள் கழித்துக் குழைக்காதருக்கு அறுபது நிறைந்தது. காலையில் பூவராகன் தலைச்சுமையாக நெல்லைக் கொண்டுவந்து இறக்கினான். வடிவுடையாள் அளந்து பார்த்தாள். கலத்துக்கு ஒரு படி குறைவு, சரியாக இருந்தது. குழைக்காதர் சுவரைப் பார்த்து ஒரு மணைப்பலகையைப் போட்டு, முழங்காலை நீட்டி உட்கார்ந்தார்.

உட்கார்ந்து ஒரு நாழிகை ஆகியிருக்காது. வாசலில் ஒரு வெறும் பல்லக்கு வந்து நின்றது. பின்னாலேயே ராஜாவும் நடந்து வந்துவிட்டார்.

"குழைக்காதரே! உம்மைப் போன்ற ஆளுக்கு என்ன வெகுமதி கொடுப்பது என்று நாலு நாளாக யோசித்தேன். கண்டுபிடித்துவிட்டேன். இன்னும் பத்து வருஷம் உமக்கே வேலை! பல்லக்கும் உமக்குத்தான், ஏறும்!"

குழைக்காதருக்கு வந்த கோபத்தில் காது சிவந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கிடைத்த சுவரை ஒரு நாழிகைகூடப் பார்க்க விடவில்லையே! நெல்லைக் காப்பாற்றியதற்கு, நெல்லைச் சாப்பிட விடாமல் அடிப்பதுதான் பரிசா? அவர் எழுந்திருக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"வடிவு," என்றார், "ஒரு வாழையிலை கொண்டா. எனக்கு முன்னால போடு. உப்பு வை."

வடிவுடையாள் இலையைப் போட்டு உப்பை வைத்தாள்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும்," என்றார் குழைக்காதர் சுவரைப் பார்த்தபடியே, "பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பலாமா?"

ராஜா இலையைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், நீட்டிய முழங்காலைப் பார்த்தார். எழுந்திருக்க ஆள் கை கொடுப்பது வேடிக்கை இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இருந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நின்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வடிவுடையாளின் முறத்தில் வைத்துவிட்டு, வெறும் பல்லக்கோடு நடந்தே அரண்மனைக்குத் திரும்பினார்.

"ஓய்வு வாங்கினப்புறம் யாரையும் சிரிக்க வைக்க மாட்டேன்னீங்களே?" என்றாள் வடிவுடையாள்.

"இதுதான் கடைசி. நீ போய்ச் சோத்தைப் போடு" என்றார் குழைக்காதர்.